இரு கணினிகளுக்கிடையே இணைப்பு அறுந்தால்: பழுது காணும் முறை

நமது கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் இன்று கணக்கு எழுதும் வேலை கணினியின் வழியாகவே நடைபெறுகிறது. அலுவலக அறையில் ஒரு கணினி இருக்கும். நூற்கிடங்கில் மற்றொன்று இருக்கும். கிடங்கில் நிறுத்து வழங்கிய நூலும், நெய்து வந்து சேர்ந்த துணியும் அங்குள்ள கணினியில் பதியப்பெறும். அப்பதிவைக் கொண்டு அலுவலகக் கணினி கூலிப் பட்டியலைத் தயாரிக்கும். விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: எடைமேடையருகே ஒரு கணினி, பணம் வழங்குமிடத்தில் ஒரு கணினி. இவ்விரண்டையும் இணைப்பது பல இடங்களில் ஒரே ஒரு கேபிள்தான். அஃது அறுந்தாலும் சோர்ந்தாலும் அன்றைய பட்டுவாடா நின்றுபோகிறது. காலை முதல் வந்து காத்திருக்கும் அங்கத்தினர் வெறுங்கையுடன் திரும்ப நேர்கிறது. ஆதலின் இவ்விணைப்பில் நேரும் பழுதைக் கண்டறியும் முறையைக் கணக்கர் மட்டுமன்றி, நிர்வாகக் குழுவினரும் ஆர்வமுள்ள அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம். அதற்குரிய எளிய பாடமே இக்கட்டுரை.

பாடத்தைத் தொடங்குமுன் எனது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் கணக்கராக இருந்தேன். தீபாவளிக்கு முந்திய வாரம். கூலிப் பட்டுவாடா நாள். அன்று காலை அலுவலகக் கணினியில் கிடங்குக் கணக்கு திறக்கவில்லை. “கேபிள் கெட்டுவிட்டது” என்று நான் உடனே தீர்ப்புக் கூறிவிட்டேன். புதிய கேபிள் வாங்கி இழுத்துப் பொருத்தினோம், பயனில்லை. மறுநாள் கிடங்குக் கணினிக்குப் புதிய நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்தினோம், அப்போதும் பயனில்லை. மூன்றாம் நாள், திண்ணையில் காத்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் என்னை அழைத்தார். “தம்பி, பாவிலே ஓர் இழை அறுந்தால் நாங்கள் தறியையா மாற்றுகிறோம்? எந்த இழை என்று விரலை ஓட்டிப் பார்க்க மாட்டோமா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அமைதியாக அமர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பழுது அகப்பட்டது. முந்திய வாரம் கிடங்குக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தோம். அங்கே மென்பொருளைப் புதிதாக ஏற்றியபோது, அக்கணினிக்கு நாம் கொடுத்திருந்த முகவரி அழிந்துபோயிருந்தது. கேபிளிலும் குறையில்லை, கார்டிலும் குறையில்லை. சங்கத்தின் பணமும் அங்கத்தினரின் மூன்று நாட்களும் வீணாயின.

அப்பெரியவர் சொன்ன முறையே இப்பாடத்தின் சாரம். அடியிலிருந்து தொடங்கி, வரிசை தப்பாமல், ஒவ்வொரு படியாகச் சோதித்து மேலேற வேண்டும்.

இணைப்பில் உள்ள படிகள்

கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் உழவர் என்ன செய்கிறார்? மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் உடைப்பு உண்டா, மடையில் அடைப்பு உண்டா என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கணினி இணைப்பிலும் அத்தகைய படிகள் உள்ளன.

முதலாவது, கம்பியும் அதன் வழியே பாயும் மின்குறியும். இரண்டாவது, ஒவ்வொரு கணினிக்கும் உரிய முகவரி. மூன்றாவது, ஒன்று கூப்பிட்டால் மற்றது மறுமொழி கூறுதல். நான்காவது, கோப்புகளைத் திறக்க மறுகணினி தரும் அனுமதி. கீழ்ப்படி சரியில்லையெனில் மேற்படி ஒருபோதும் நடவாது. கீழ்ப்படி சரியெனத் தெரிந்தபின் அதனை மீண்டும் தொடவேண்டியதில்லை. இவ்விரு விதிகளையும் நினைவிற் கொண்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

எந்தக் கருவியையும் கழற்றுமுன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: “கடைசியாக நன்றாக வேலை செய்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே இங்கு மாறியது யாது?” மேசையை நகர்த்தினார்களா? சுவருக்கு வெள்ளையடித்தார்களா? கணினி பழுதுபார்க்கச் சென்றதா? புதிய பிரிண்டர் வந்ததா? இரவில் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டதா? நேற்றுவரை நடந்த இணைப்பு இன்று நின்றதெனில், பெரும்பாலும் இடையில் நேர்ந்த மாற்றமே காரணமாக இருக்கும். இக்கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருந்தால், மேலே சொன்ன செலவு நேர்ந்திராது.

முதற் படி: விளக்கைப் பார்த்தல்

கேபிளின் பிளக் சொருகும் துளையருகே பெரும்பாலான கணினிகளில் சிறு விளக்குகள் உண்டு. இரு முனைகளிலும் கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் அவ்விளக்கு எரிந்தால், கம்பியின் வழியே ஒன்றையொன்று உணர்ந்துகொண்டன என்று பொருள். செய்தி செல்லும்போது ஒரு விளக்கு மின்னி மின்னி எரியும். நிறமும் அமைப்பும் கருவிக்குக் கருவி வேறுபடும்; ஆயினும் முற்றிலும் இருண்டிருப்பது நல்ல அறிகுறியன்று. விளக்கில்லாத மடிக்கணினிகளில், கேபிள் இணைக்கப்படவில்லை என்னும் அறிவிப்பு திரையின் மூலையிலுள்ள நெட்வொர்க் குறியில் தோன்றும்.

விளக்கு எரிகிறதெனில் பழுது பெரும்பாலும் மேற்படிகளில் இருக்கும். கேபிளை மாற்ற விரைய வேண்டாம். எரியவில்லையெனில் மேற்படிகளை மறந்து கம்பியையே ஆராய்க. எங்கள் சங்கத்தில் அந்த மூன்று நாளும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தவர்தாம் ஒருவருமில்லை.

இரண்டாம் படி: கம்பி

விளக்கு எரியாதபோது பார்க்கவேண்டியவை பின்வருமாறு.

பிளக்கைக் கழற்றி மீண்டும் சொருகுக. சரியாகப் பொருந்தினால் ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும். பிளக்கிலுள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் அது நாளடைவில் வெளியே நழுவும். நெசவுக்கூடத்திலும் கிடங்கிலும் பஞ்சுத் தூசி மிகுதி. துளைக்குள் அது படிந்திருக்கிறதா எனக் கணினியை நிறுத்திவிட்டுப் பார்த்து, மென்மையான தூரிகையால் நீக்குக. கேபிள் செல்லும் வழி நெடுகிலும் நடந்து பார்க்க. எலியும் அணிலும் கடித்த இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம், மூட்டை ஏற்றிவைத்த இடம், கூர்மையாக மடங்கிய இடம் ஆகியவை ஐயத்திற்குரியவை.

இதன்பின் மாற்றிப் பார்க்கும் சோதனை. கிடங்குக் கணினியை அலுவலகத்திற்கே கொண்டுவந்து, நன்றாக வேலை செய்வதென்று முன்பே அறிந்த ஒரு குட்டைக் கேபிளால் இரண்டையும் பக்கத்தில் வைத்து இணைக்க. விளக்கு எரிந்தால் இரு கணினிகளும் நல்லவை. குறை நீண்ட கேபிளில் உள்ளது. அப்போதும் எரியவில்லையெனில் இரண்டில் ஒன்றன் கார்டிலோ அதன் அமைப்பிலோ குறை உள்ளது. ஒரு காசு செலவின்றி ஐயத்தைப் பாதியாக்கிவிடும் சோதனை இது. புதிய பொருள் எதையும் வாங்குமுன் இதனைச் செய்தே தீர வேண்டும்.

கேபிளின் உள்ளமைப்பையும் சிறிது அறிவோம். ஈதர்நெட் எனப்படும் இம்முறையை அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973ஆம் ஆண்டு முன்மொழிந்தார். முதலில் தடித்த கேபிளில் ஓடிய அது, 1990ஆம் ஆண்டில் வெளியான தரத்தின் மூலம் மெல்லிய முறுக்குக் கம்பிகளுக்கு மாறியது. இன்று நாம் பயன்படுத்தும் கேபிளினுள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. நூலுக்கு முறுக்கு வலிமை தருகிறது. இங்கோ முறுக்கு வேறொரு நன்மை செய்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னியல் இரைச்சல் இணையின் இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்குகிறது. ஏற்கும் கருவி அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டும் கணக்கிடுவதால், இரைச்சல் நீங்கிச் செய்தி நிற்கிறது. ஆகவே பிளக் பொருத்தும்போது முறுக்கை அளவுக்கு மீறி அவிழ்த்தல் ஆகாது; முனையில் அவிழ்க்கும் நீளம் அரை அங்குலத்திற்கு மேற்படாதிருத்தல் வேண்டும்.

பரவலாகக் கையாளப்பெறும் நிறவரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மூன்றாம் ஆறாம் இடங்களில் பச்சை இணை பிரிந்து நிற்பதைக் கவனிக்க. இதை அறியாதார் பச்சையிரண்டையும் மூன்றிலும் நான்கிலும் அடுத்தடுத்து வைத்துவிடுகின்றனர். இரு முனைகளிலும் ஒரேபோல் தவறியிருந்தால், கம்பித் தொடர்ச்சியை மட்டும் பார்க்கும் எளிய சோதனைக் கருவி “எல்லாம் சரி” என்றே காட்டும். ஆனால் முறுக்கில் சேராத இரு கம்பிகள் ஓர் இணையாக வேலை செய்ய நேர்வதால், கேபிள் நீண்டவிடத்து இணைப்பு தடுமாறும். கண்ணால் பார்த்தே அறியவேண்டிய குறை இது.

நீளத்திற்கும் எல்லையுண்டு. இவ்வகைச் செம்புக் கேபிள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 100 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்பது தரவிதி. மின்சாரக் கம்பியோடும் விசைத்தறி மோட்டார்க் கம்பியோடும் சேர்த்துக் கட்டி இழுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

பழைய கணினிகள் இரண்டை நேரே இணைக்கையில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒன்று பேசும் கம்பி மற்றது கேட்கும் கம்பியாக வேண்டுமல்லவா? அதற்காக, முதலிரண்டு கம்பிகளை மறுமுனையில் மூன்றாம் ஆறாம் இடங்களுக்கு மாற்றிய குறுக்குக் கேபிள் முன்னாளில் தேவைப்பட்டது. பிற்காலத்துக் கார்டுகளில் பெரும்பாலானவை இம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். இரு கணினிகளும் மிகப் பழையனவாயிருந்து, நல்ல கேபிளிலும் விளக்கு எரியாவிடில், குறுக்குக் கேபிளைச் சோதித்துப் பார்க்க.

மூன்றாம் படி: முகவரி

விளக்கு எரிகிறது, ஆயினும் கணக்கு திறக்கவில்லை. இப்போது முகவரியைப் பார்க்கும் முறை வருகிறது.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையை அழுத்தி, சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் கறுப்புத் திரையொன்று தோன்றும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு எழுத்துக்களை இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்துக. ஈதர்நெட் என்னும் தலைப்பின்கீழ்க் கணினியின் முகவரி காணப்படும். இரு கணினிகளிலும் இதைச் செய்து, வரும் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்க. நினைவை நம்ப வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, அலுவலகக் கணினிக்கு 192.168.10.1 என்றும், கிடங்குக் கணினிக்கு 192.168.10.2 என்றும், இரண்டிற்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுப்பது தக்க ஏற்பாடு. மாஸ்க் 255.255.255.0 எனில், முகவரியின் முதல் மூன்று எண்களும் தெருவின் பெயர் போன்றவை. கடைசி எண் வீட்டுக் கதவெண் போன்றது. தெரு ஒன்றாயிருக்க வேண்டும்; கதவெண் வேறாயிருக்க வேண்டும். இவ்விரண்டில் எது பிசகினாலும் கணினிகள் பேசிக்கொள்ளா.

இங்கு நேரும் தவறுகள் நான்கு.

ஒன்று: முகவரி 169.254 என்னும் எண்களில் தொடங்குதல். வழங்குவார் ஒருவரும் இல்லாதபோது கணினி தானாகவே சூட்டிக்கொள்ளும் முகவரி இது. நேரிணைப்பில் இடையே ரூட்டர் இல்லாமையால் முகவரி வழங்குவாரும் இல்லை. இரு கணினிகளுமே இவ்வாறு சூட்டிக்கொண்டால் அவை பேசிக்கொள்ளக்கூடும். ஆனால் ஒன்று 192.168.10.1 ஆகவும் மற்றது 169.254 எனவும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு தெருவில் நிற்கின்றன. எங்கள் சங்கத்தில் நேர்ந்தது இதுவே. புதிய கார்டு பொருத்தியும் பயனில்லாமற் போனதன் காரணமும் இதுவே: புதிய கார்டும் முகவரியின்றித்தான் பிறக்கிறது.

இரண்டு: இரு கணினிகளுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடுதல். ஒரே கதவெண்ணில் இரு வீடுகள் இருந்தால் தபால்காரர் திகைப்பாரன்றோ?

மூன்று: கணினி வைஃபை வழியாக இணையத்தோடும் கேபிள் வழியாகக் கிடங்கோடும் இணைந்திருக்கையில், இரண்டிற்கும் ஒரே தெருவெண் அமைந்துவிடுதல். வைஃபை ரூட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்னும் தெருக்களைப் பெரும்பாலும் கையாளும். கேபிளுக்கும் அதையே வைத்தால், கிடங்கிற்குரிய செய்தி எவ்வழியே போவதென்று கணினி குழம்பும். அதனாலேயே மேலே 10 என்னும் வேறு எண்ணை எடுத்துக்கொண்டோம்.

நான்கு: நேரிணைப்பில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்னும் இடத்தை நிரப்பிவிடுதல். அவ்விடம் வெறுமையாக இருக்கட்டும். நிரப்பினால், இணையத்திற்குச் செல்லவேண்டியது கிடங்கை நோக்கிப் புறப்படக்கூடும்.

நான்காம் படி: கூப்பிட்டுப் பார்த்தல்

முகவரிகள் சரியெனின், ஒரு கணினியிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். இதற்குரிய கருவியின் பெயர் பிங். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை எழுதினார். அவரும் ஒரு நெட்வொர்க்கின் பழுதைக் கண்டறிய முயன்றபோதுதான் இதனை ஆக்கினார். நீர்மூழ்கியைத் தேடும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறதன்றோ, அவ்வொலியின் பெயரையே இதற்கு இட்டார்.

கறுப்புத் திரையில் பி, ஐ, என், ஜி என்னும் எழுத்துக்களைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முதலில் தன் சொந்த முகவரியைக் கொடுத்து என்டர் அழுத்துக. மறுமொழி வந்தால் தன் பக்கத்து மென்பொருள் நலம். பின்னர் மறுகணினியின் முகவரியைக் கொடுக்க. விடை மூவகையாக வரலாம்.

மறுமொழி வந்து, அதன் நேரம் ஒரு மில்லிசெகண்டிற்குள்ளோ அதையொட்டியோ இருந்தால், கம்பியும் முகவரியும் நன்றாக உள்ளன. ஐந்தாம் படிக்குச் செல்க.

‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று, அதுவும் தன் சொந்த முகவரியிலிருந்தே விடை வந்தால், “அந்தக் கதவெண்ணுக்கு உரியவர் யார்?” என்று கணினி கேட்டும் எவரும் குரல் கொடுக்கவில்லை என்று பொருள். முகவரியையும் கம்பியையும் மீண்டும் ஆராய்க.

‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால், கூப்பிட்டும் குறித்த காலத்திற்குள் மறுமொழி வரவில்லை என்று பொருள். நேரிணைப்பில் இது பெரும்பாலும் மறுகணினியின் காவல் மென்பொருள் வாய்மூடச் செய்திருப்பதால் நேர்வது. இதை உறுதிசெய்ய ஒரு வழியுண்டு. பிங் செய்த உடனேயே ஏ, ஆர், பி என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் ஏ என்னும் எழுத்தும் இட்டு என்டர் அழுத்துக. வரும் பட்டியலில் மறுகணினியின் முகவரிக்கு எதிரே ஆறு இரட்டைகளாகக் கார்டின் பிறப்பெண் காணப்பட்டால், அக்கணினி கம்பியின் வழியே தன்னை அறிவித்துக்கொண்டது என்று துணியலாம். மறுமொழி வராவிடினும் கம்பியும் முகவரியும் குற்றமற்றவை.

ஐந்தாம் படி: காவலும் அனுமதியும்

கணினியில் ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருள் உண்டு. வெளியிலிருந்து கதவைத் தட்டுவோரை அது தடுத்து நிறுத்தும். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கைப் பொது இடம் என்று கருதினால் காவல் கடுமையாயிருக்கும்; தனியிடம் என்று கருதினால் சற்றுத் தளரும். கேட்வே இல்லாத நேரிணைப்பை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று சொல்லி, பொது இடமாகவே இயல்பாக எண்ணிக்கொள்கிறது. கம்பியும் முகவரியும் சரியாயிருந்தும் கோப்பு திறவாமைக்கு இது வழக்கமான காரணம்.

இதற்காக ஃபயர்வாலை முற்றிலும் அணைத்துவிடுவோர் உளர். திருடனுக்கும் உறவினனுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவைப்பது போன்றது அது. குறிப்பாக, அதே கணினி இணையத்தோடும் இணைந்திருக்குமாயின் ஆகவே ஆகாது. கேபிள் இணைப்பைத் தனியிடம் என்று குறித்து, கோப்புப் பகிர்வுக்கு மட்டும் அனுமதி தருவதே முறை.

பின்னர், கணக்குக் கோப்பு இருக்கும் பெட்டகம் பகிரப்பட்டிருக்கிறதா, அதைத் திறக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியா என்று பார்க்க. விண்டோஸின் புதிய பதிப்புகள் சில, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை மறுக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற மிகப் பழைய பதிப்பு கையாளும் பகிர்வு முறையைப் புதிய பதிப்புகள் இயல்பாக ஏற்பதில்லை. அம்முறையிலிருந்த ஓட்டையின் வழியே 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் கேட்டு மென்பொருள் உலகெங்கும் பரவியதை நினைத்தால், மறுப்பதன் நியாயம் விளங்கும். அத்தகைய பழைய கணினி சங்கத்தில் இருந்தால் அதை மாற்றுவதற்குரிய தீர்மானத்தை நிர்வாகக் குழு கொண்டுவருதல் நன்று.

இணைப்பு உண்டு, வேகம் இல்லை

இணைப்பு முற்றும் அறாமல், ஆமை வேகத்தில் நகர்வதும் உண்டு. ஈதர்நெட் அமைப்பில் இணைப்பின் வேகம் எவ்வளவு என்று பார்க்க. நொடிக்கு 1000 மெகாபிட் செல்லக்கூடிய இரு கணினிகளுக்கிடையே 100 மட்டும் காட்டினால், கேபிளிலுள்ள நான்கு இணைகளில் ஒன்று அறுந்திருக்கக்கூடும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆதலால் சில கார்டுகள் இருப்பதைக் கொண்டு இறங்கி ஓடுகின்றன. சில ஓடாமலே நின்றுவிடுகின்றன.

மற்றொரு காரணம், ஒரு முனையில் வேகத்தை எவரோ கையால் நிலைப்படுத்தி, மறுமுனையைத் தானியங்கியாக விட்டிருத்தல். இரு வழியாகவும் ஒரே நேரத்தில் பேசலாம் என ஒன்று எண்ண, ஒருவர் முடித்தபின் ஒருவரே பேசவேண்டுமென மற்றது எண்ணும். செய்திகள் மோதிச் சிதையும். இரு முனைகளையும் தானியங்கியாகவே வைப்பது நலம்.

விட்டுவிட்டு அறும் இணைப்பைப் பிடிக்க, பிங் கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளியும் சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால் அது ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் திரையைக் கவனிக்க, மற்றொருவர் கேபிளை இடந்தோறும் மெல்ல அசைத்துக்கொண்டு செல்க. எவ்விடத்தில் அசைக்கையில் மறுமொழி நிற்கிறதோ அவ்விடமே பழுது. நிறுத்துதற்குக் கன்ட்ரோல் விசையையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்துக.

மின்னலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

அலுவலகமும் கிடங்கும் தனித்தனிக் கட்டிடங்களாயின், வெட்டவெளியில் செம்புக் கேபிளை இழுத்தல் தக்கதன்று. அருகில் மின்னல் விழுந்தால் அக்கம்பியின் வழியே மின்னழுத்தம் பாய்ந்து இரு கணினிகளையும் ஒருசேரக் கெடுக்கலாம்; ஆளுக்கும் அபாயம். கண்ணாடியிழைக் கேபிளில் செய்தி ஒளியாகச் செல்கிறது. உலோகப் பகுதி இல்லாத வகையைத் தேர்ந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. 100 மீட்டருக்கு மேலும் செல்லும். இரு முனைகளிலும் ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டிகளைப் பொருத்தினால் போதும். இடி முழங்குகையில் செம்புக் கேபிளைத் தொட்டுப் பழுதுபார்க்க முற்பட வேண்டாம்.

குறிப்பேடும் மாற்று ஏற்பாடும்

பழுது பார்க்கையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியும் பயனில்லையெனில் பழைய நிலைக்கே கொண்டுவந்தபின் அடுத்ததைத் தொடுக. இரண்டை ஒருசேர மாற்றினால், எது குணப்படுத்தியது, எது புதிதாகக் கெடுத்தது என்பது விளங்காது.

ஒவ்வொரு கணினியின் முகவரியையும் மாஸ்க்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினியின்மீதே ஒட்டிவைக்க. கடவுச்சொல்லை அவ்வாறு ஒட்டலாகாது; அதைக் காரியதரிசியின் பொறுப்பிலுள்ள பூட்டிய பெட்டியில் வைக்க. பழுது நேர்ந்த தேதி, அறிகுறி, கண்ட காரணம், செய்த சீர் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. கணக்கர் மாறினாலும் குறிப்பேடு சங்கத்தில் நிற்கும்.

இறுதியாக ஒன்று. இணைப்பு அறுந்ததற்காக அங்கத்தினரின் கூலி நிற்கலாகாது. கிடங்குக் கணினியின் அன்றாடப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து அலுவலகத்திற்குக் கொண்டுவரும் பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்தி, மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்துவைக்க வேண்டும். நாற்பது அடி தூரத்தை நடந்து கடக்க ஒரு நிமிடம் போதும். அந்த மூன்று நாட்களில் எனக்கு அது தோன்றவில்லை. பண்டிகைச் செலவுக்குக் கூலியை எதிர்பார்த்து வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்நிலை வேறெந்தச் சங்கத்திற்கும் நேராதிருக்கவே இதனை எழுதினேன்.

பயிற்சி வினாக்கள்

(சங்கப் படிப்பு வட்டத்தில் கூடி விவாதித்தற்கு)

1. விளக்கு எரிகிறது, கணக்கு திறக்கவில்லை. முதலில் கேபிளை மாற்றுவது சரியா? காரணம் கூறுக.

2. அலுவலகக் கணினி 192.168.10.1, கிடங்குக் கணினி 192.168.20.2, மாஸ்க் இரண்டிற்கும் 255.255.255.0. இவை பேசிக்கொள்ளுமா?

3. பிங்கிற்கு மறுமொழி இல்லை. ஆனால் மறுகணினியின் பிறப்பெண் பட்டியலில் தெரிகிறது. பழுது எப்படியில் இருக்கும்?

4. உங்கள் சங்கத்தில் நாளைக் காலை இணைப்பு அறுந்தால், நண்பகலுக்குள் பட்டுவாடா செய்ய என்ன ஏற்பாடு உண்டு?